இருபத்துமூன்றாம் கேள்வி

அந்த வருடம் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு பேர் உயர்தரப் பரீட்சை எழுதினோம். ஒன்று நான். மற்றது மதினி, என் அண்ணனான நானாவின் மனைவி.

எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போவது வழக்கம். மதினியின் ஆட்கள் தொண்ணூறில் போரின்போது மன்னாரிலிருந்து துரத்தப்பட்டு வந்து, புத்தளத்தில் ஓலைக் கொட்டிலில் தொடங்கியவர்கள். மகளுக்குக் கொடுக்க அவர்களிடம் வீடு இருக்கவில்லை. அதனால் மதினி எங்கள் வீட்டுக்கு வந்தா. என்னைவிட இரண்டு வயது மூப்பு. முதல் தடவை பரீட்சைக்கு இரண்டு வாரம் இருக்கும்போது அவவின் வாப்பா படுக்கையில் விழுந்ததால் எழுத முடியாமல் போனதாம். கலியாணம் முடிந்து ஒரு மாதம் போனதும், தனிப்பட்ட பரீட்சார்த்தியாக எழுதட்டுமா என்று நானாவிடம் கேட்டா. நானா வாப்பாவிடம் கேட்டார். வாப்பா வெங்காயப் பாத்திக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டே, "எழுதட்டுமே" என்றார். அவ்வளவுதான், முடிந்துவிட்டது.

எனக்கு முடியவில்லை. எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பல்கலைக்கழகக் கெம்பஸுக்குப் போகப்போகிறவள் நான் என்றுதான் எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நான் படிக்கும்போது டீவியின் சத்தத்தைக் குறைப்பார்கள். இப்போது அவ படிக்கும்போதும் குறைத்தார்கள். எனக்கென்று நானா வாங்கி வந்த மேசை விளக்கு நடுவில் வந்தது. விளக்கின் இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் மதினி. அவ குனிந்து எழுதும்போது அவவின் நிழல் என் கொப்பியில் விழும். நான் கொப்பியை இழுத்துக்கொள்வேன்.

பரீட்சை தொடங்கும்போது மதினிக்கு வயிற்றில் நாலு மாதம். இருவருக்கும் கற்பிட்டியில் ஒரே மண்டபம். நானா தன் த்ரீவீலரில் கூட்டிப்போய், முடியும்வரை வெளியே வேப்ப மரத்தடியில் காத்து நிற்பார். முன்பெல்லாம் டியூஷன் விட்டு வரும் என்னைத்தான் அப்படிக் காத்து நின்றார். அரசியல் விஞ்ஞானம் முதலாம் பத்திரம் முடிந்து வெளியே வந்தபோது அவர் கையில் ஒரு செவ்விளநீர் இருந்தது. அதை என்னைத் தாண்டி மதினியிடம் நீட்டினார். பிறகு, "உனக்கும் ஒண்டு வாங்கவா?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன். தொண்டை காய்ந்துதான் கிடந்தது.

வண்டி புறப்பட்டதும் இருவரும் வினாத்தாள்களை மடியில் விரித்துக்கொண்டோம். ஐம்பது கேள்வி. நாங்கள் போட்ட விடைகளைப் பென்சிலால் தாளிலேயே குறித்து வைத்திருந்தோம். முதல் பத்தும் ஒத்துப்போயின. பதினொன்றில் பிரிந்தோம். பதினாலில் பிரிந்தோம்.

"இருபத்துமூண்டுக்கு என்ன போட்டீங்க, தங்கச்சி?"

சிறுபான்மையினருக்கான பாதுகாப்பு ஏற்பாடு எந்த அரசியல் யாப்பில் இருந்தது என்பது கேள்வி.

"முதலாம் குடியரசு யாப்பு" என்றேன்.

மதினி கொஞ்சம் யோசித்தா. "சோல்பரி யாப்பெல்லா? இருபத்தொன்பதாம் உறுப்புரை. குடியரசு யாப்பில அத எடுத்துப்போட்டாங்கதானே."

சொன்ன கணமே அது சரி என்று எனக்குத் தெரிந்துவிட்டது. நான் பாடமாக்கியிருந்ததுதான். மண்டபத்தில் வரவில்லை, அவவின் வாயிலிருந்து வருகிறது. ஐம்பதையும் பார்த்து முடித்தபோது பதினாலு இடங்களில் பிரிந்திருந்தோம். அவற்றில் பலதுக்கு வாசலில் நின்ற என் வகுப்புப் பிள்ளைகளும் மதினி சொன்ன விடையைத்தான் சொல்லியிருந்தார்கள்.

அப்போது ஊரில் ஒரு கதை நடந்துகொண்டிருந்தது. இடம்பெயர்ந்து வந்தவர்களின் பிள்ளைகள் புத்தளம் மாவட்டத்துக்குரிய கெம்பஸ் இடங்களை எடுக்கிறார்கள் என்று. கடையில், கலியாண வீட்டில், எங்கும் அதுதான். அதுவரை நான் அதைக் காதில் போட்டதில்லை. அன்றைக்கு அது எனக்குக் கைகொடுத்தது.

"நீங்க உங்கட மாவட்டத்தில போய் எழுதியிருக்கலாமே, மதினி" என்றேன். "அங்க கெம்பஸுக்கு வெட்டுப்புள்ளியும் குறைவாம்."

நானா கண்ணாடியில் என்னைப் பார்த்தார். மதினி வினாத்தாளை நாலாக மடித்தா.

"என்ட மாவட்டம் எதெண்டு சொல்லுங்க, போறன். நான் பொறந்தது பாலாவியில, கேம்பில. மன்னாருக்கு ரெண்டு தரந்தான் போயிருக்கன். ரெண்டும் மையத்து வீட்டுக்கு."

"வாய மூடிக்கொண்டு வா" என்றார் நானா. என்னிடம்தான் சொன்னார்.

மறுநாள் டியூஷன் மாஸ்டர் செய்த விடைத்தாளை நானா போட்டோக்கொப்பி எடுத்து வந்தார். வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து வந்து, இருவருடையதையும் தானே திருத்தப்போவதாகச் சொல்லி அதை அலுமாரியின் மேல் வைத்தார். பின்னேரம் உம்மா அஸர் தொழப் போனதும், மதினி கிணற்றடியில் இருந்ததும் எனக்குப் போதுமாயிருந்தது. விடைத்தாளை இறக்கிப் பார்த்து, என் வினாத்தாளில் எட்டு விடைகளை அழித்து மாற்றினேன். பாடக் கொப்பியில் பிழை திருத்துவதுபோல ஆறுதலாக இருந்து செய்தேன்.

வெள்ளிக்கிழமை நானா கதிரையை முற்றத்தில் போட்டு உட்கார்ந்து, சிவப்புப் பேனையால் ஒவ்வொன்றாகச் சரி போட்டார். மதினிக்கு முப்பத்தொன்பது. எனக்கு நாற்பத்தொன்று. உண்மையில் எனக்கு வந்திருக்க வேண்டியது முப்பத்துமூன்று.

"என்ட புள்ளையும் லேசில்ல" என்று உம்மா என் தலையைத் தடவினா. அந்த நேரம் எனக்கு அது உண்மை போலவே இருந்தது.

மதினி என் தாளைக் கேட்டு வாங்கினா. ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினா. இருபத்துமூன்றாம் கேள்வியில் அவவின் விரல் நின்றது. அங்கே அழிறப்பர் உரசி அச்செழுத்தே மங்கியிருந்தது. என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. தாளை மடித்துத் தந்துவிட்டு அடுப்படிக்குப் போனா.

அதற்குப் பிறகு நடந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. மதினிக்கு வாந்தி கூடியது. ஒரு சொட்டுத் தேத்தண்ணீரும் வயிற்றில் தங்கவில்லை. புவியியல் பத்திரத்துக்கு முதல்நாள் உம்மா நானாவிடம் கதைத்தா.

"புள்ள பொறந்தாப் பொறகு அவ எங்க படிக்கிற? மார்க்ஸும் தங்கச்சிக்குத்தான் கூட. மிச்சத்த விடச் சொல்லு, மகன். உடம்பப் பாக்கட்டும்."

நானா வண்டிச் சாவியை விரலில் சுற்றிக்கொண்டு நின்றார். அவர் யோசிப்பது தெரிந்தது. நான் பக்கத்தில் இருந்து வெங்காயத்தின் தாள் கிள்ளிக்கொண்டிருந்தேன். ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொல்லவில்லை. பயத்தால் அல்ல. அவ போகாமல் விட வேண்டும் என்றுதான் நான் விரும்பினேன். இதை எழுத இப்போதும் கூச்சமாக இருக்கிறது, ஆனால் அதுதான் உண்மை.

விடிந்ததும் மதினி அபாயா போட்டு, கையில் அனுமதி அட்டையோடு வந்து நின்றா. முகம் வெளிறிப்போயிருந்தது.

"ஏலாதுதானே, மகள்?" என்றா உம்மா.

"ஏலும் மாமி."

நானா சாவியை எடுத்தார்.

வழியில் ஒரு தடவை வண்டியை நிறுத்த வேண்டி வந்தது. காற்றாலைகள் சுழலும் கரைப் பக்கம் குனிந்து நின்று வாந்தி எடுத்தா. நான் அவவின் பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மண்டபத்துக்கு வந்து, வாசலில் வரிசையில் நிற்கும்போது மெல்லக் கேட்டா:

"உண்மையா எத்தின?"

என்ன கேட்கிறா என்று தெரியாததுபோல நிற்க முடியவில்லை. "முப்பத்திமூண்டு."

"அது மோசமில்லையே. ஏன் மாத்தினீங்க?"

நான் கையிலிருந்த அனுமதி அட்டையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"உங்கட நானாட்ட நான் சொல்லல்ல. சொல்லவும் மாட்டன்" என்றா. "ஆனா நீங்க மாமிட்டச் சொல்லணும். உங்கட மார்க்ஸால இண்டைக்கு நான் வீட்டில நிண்டிருப்பன்."

மணி அடித்தது. உள்ளே போனோம். என் மேசையிலிருந்து பார்த்தால் அவவின் முதுகு தெரியும். மூன்று மணித்தியாலமும் அந்த முதுகு அசையவில்லை. என் கண் தாளில் நின்ற நேரத்தைவிட அங்கே நின்ற நேரம் கூட.

உம்மாவிடம் நான் சொல்லவில்லை. நாளைக்கு, நாளைக்கு என்று மாதங்கள் போயின. பெறுபேறு வந்த அன்று நானா தன் போனில் இரண்டு சுட்டெண்களையும் அடித்துப் பார்த்தார். மதினிக்கு இரண்டு ஏ, ஒரு பி. எனக்கு ஒரு பி, இரண்டு சி.

உம்மாவுக்கு விளங்கவில்லை. "அண்டைக்கு இவளுக்குத்தானே கூட வந்திச்சி? நீ வடிவாப் பாத்தியா, மகன்?"

மதினி நிறைமாத வயிற்றோடு கட்டிலில் இருந்தா. என்னைப் பார்க்கவில்லை. அந்தப் பாராமைதான் என்னைப் பிடித்து உலுக்கியது.

"நான் அழிச்சி மாத்தினன், உம்மா."

உம்மா ஏசவில்லை. "யா அல்லாஹ்" என்று மட்டும் சொல்லி முந்தானையால் வாயைப் பொத்தினா. நானா எழுந்து போய் வண்டியை ஸ்டார்ட் பண்ணினார். ஒன்பது நாள் என்னோடு கதைக்கவில்லை. பத்தாம் நாள் மகள் பிறந்த சேதியைச் சொல்லத்தான் ஆஸ்பத்திரியிலிருந்து என்னைக் கூப்பிட்டார்.

மதினிக்குக் கிழக்கில் ஒரு பல்கலைக்கழகம் கிடைத்தது. இரண்டு வாரத்துக்கு ஒருக்கா பஸ்ஸில் இரவெல்லாம் வந்து போவா. குழந்தையை நான் பார்த்தேன். யாரும் என்னை வற்புறுத்தவில்லை. நானாகவே கேட்டு வாங்கிக்கொண்ட வேலை. அதற்குள் நான் இரண்டாம் தடவையும் எழுதினேன். வெட்டுப்புள்ளி கொஞ்சத்தில் தவறியது. பிறகு பாலர் பாடசாலை ஒன்றில் ஆசிரியையாகச் சேர்ந்தேன், இன்றைக்கும் அங்கேதான்.

குழந்தைக்கு ஒன்றரை வயது இருக்கும். ஒரு சனிக்கிழமை காலை மதினி வந்து, பையை வாசலில் போட்டுவிட்டுக் கையை நீட்டினா. குழந்தை அவவைப் பார்த்தது. பிறகு திரும்பி என் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "உம்மா" என்றது. என்னைத்தான்.

மதினியின் கைகள் நீட்டியபடியே நின்றன. அந்த முகத்தில் வந்தது என்னவென்று அந்த வீட்டில் என்னைவிட நன்றாகத் தெரிந்தவர் யாரும் இல்லை.

"இவதான் உம்மா, போங்க" என்று சொல்லிக் குழந்தையைக் கொடுத்திருக்கலாம். கொடுத்தேன்தான். ஆனால் உடனே கொடுக்கவில்லை.