ஆசியாவுக்கு ஓர் அண்ணன்

வங்காளத்தை இரண்டாகப் பிரித்த அன்று கல்கத்தாவில் பல வீடுகளில் அடுப்பே மூட்டவில்லை. சகோதரர்கள் என்று சொல்லி ஒருவர் கையில் ஒருவர் மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டார்கள். ஒருவருக்குக் கட்டினால் அவரும் பதிலுக்குக் கட்டுவார். வெள்ளைக்காரக் கம்பெனியில் உத்தியோகம் பார்க்கும் நானும் கட்டிக்கொண்டு, சட்டைக் கையை இழுத்து மூடியிருந்தேன்.

பவானிபூரில் எங்கள் பக்கத்து வீட்டு வங்காளி வக்கீல் அன்று ஒரு ஜப்பானியரை அழைத்திருந்தார். ரஷ்யாவை ஜப்பான் தோற்கடித்த புதிது. அங்கே போய்த் தீப்பெட்டித் தொழில் படிக்க வேண்டும் என்று என் மகன் துடித்துக்கொண்டிருந்தான். பண உதவிக்கு வக்கீல் ஏற்பாடு செய்துவிட்டார். என் சம்மதம்தான் பாக்கி.

"என்ன மஷாய், மீன் வாசனைக்கே மூக்கைப் பொத்துவீங்க. பிள்ளை அங்கே பச்சை மீன் தின்னுடுவான்னு பயமா?" என்று வக்கீல் சிரித்தார்.

மகன் விருந்தாளிக்குக் கயிறு கட்டிவிட்டுத் தன் கையை நீட்டினான். அவர் கட்டவில்லை, அவன் தோளைத் தட்டினார்.

"ஆசியாவுக்கு ஜப்பான் மூத்த அண்ணன். தம்பிகளை அழைத்துப் போவது எங்கள் கடமை," என்றார் ஆங்கிலத்தில். எல்லோரும் கைதட்டினார்கள்.

"கொரியாவையுமா?" என்று கேட்டேன். ஜப்பான் படை அங்கே ஏற்கெனவே இறங்கியிருந்தது.

அவருக்குக் கோபம் வரவில்லை. "அவர்களுக்கு இன்னும் புரியவில்லை," என்றார் பரிவோடு. அந்தப் பரிவுதான் என்னை உலுக்கியது. எங்களைப் பற்றி எங்கள் துரையும் அதே குரலில்தான் பேசுவார்.

வீட்டுக்கு வந்ததும், "பாத்தியாடா? உனக்கு அவர் கட்டவே இல்லை," என்றேன்.

"அவருக்கு வழக்கம் தெரியாதுப்பா."

"கையை நீட்டிண்டு நின்னியே, என்னன்னாவது கேட்டாரா?"

"சரி, உங்க துரையைத் தொழில் கத்துத்தரச் சொல்லுங்கோ. நான் போகலை."

மறுநாள் வக்கீலிடம் போய்ச் சம்மதம் சொன்னேன். மகன் ஜப்பானுக்குப் போய்விட்டான்.

படிப்பு முடிந்து அங்கேயே வேலையில் அமர்ந்தவன், ஐந்து வருஷம் கழித்து இப்போது விடுமுறைக்கு வந்திருக்கிறான். கொரியாவை ஜப்பான் தன்னோடு சேர்த்துக்கொண்ட செய்தி பத்திரிகையில் வந்திருந்தது. சாப்பிடும்போது அதைப் பற்றிக் கேட்டேன்.

"ரயில் போட்டிருக்கா, பள்ளிக்கூடம் கட்டறா. அவாளுக்கு வேற என்னப்பா வேணும்?" என்றான் நிதானமாக. அவன் அம்மா பெருமையோடு இன்னொரு கரண்டி நெய் ஊற்றினாள்.

அடுத்த வாரம் கப்பல். போகாதே என்று சொல்ல, அவளுக்குப் புரிகிற மாதிரி ஒரு காரணம் தேடிக்கொண்டிருக்கிறேன். இன்னும் அகப்படவில்லை.