சூலார்ட் முனைவீட்டின் மேற்குச் சுவர்

வால்டர் ஹ்ருஷ்கா 1938 நவம்பர் 9 அன்று செயின்ட் லூயிஸ் நகரின் தென்பகுதியில் பிறந்தார். பதினேழு வயதில் கொத்துக்கரண்டி பிடித்தார். பழைய செங்கல் சுவர்களில் உதிர்ந்த சாந்தைச் சுரண்டிவிட்டுப் புதுச் சாந்து அடைக்கும் பாயிண்டிங் வேலை. கடைசிவரை அதுதான்.

சிமெண்ட் என்றாலே அவருக்கு ஆகாது. அந்த ஊர்ப் பழைய வீடுகளில் தெருப்பக்கம் நல்ல செங்கல் இருக்கும். பக்கச் சுவர்களில் இருப்பது மழையைக் குடிக்கிற மெத்தென்ற செங்கல். சுண்ணாம்புச் சாந்தாக இருந்தால் குடித்த நீர் இடுக்கு வழியே வெளியேறிவிடும். சிமெண்ட் விடாது. நீர் உள்ளேயே உறைந்து கல்லின் முகத்தைப் பெயர்த்துத் தள்ளிவிடும். சிமெண்ட் வைத்தவர்களை அவர் மதுக்கடையில் பேர் சொல்லியே திட்டுவார்.

2004 அக்டோபர் 12 அன்று கிரெய்க் டென்ஹோம் என்பவர் அவரை அதே நகரின் சூலார்ட் பகுதிக்கு அழைத்தார். அங்கே டென்ஹோமின் வீடு, 1886இல் தெருமுனையில் கட்டியது. இடித்துவிட்டுக் கார் நிறுத்துமிடம் போட டென்ஹோமுக்கு ஆசை. அதற்குப் பழங்கட்டிடக் குழுவின் அனுமதி வேண்டும்.

ஹ்ருஷ்கா மேற்குச் சுவர் முன் போய் நின்றார். சொறி பிடித்த தோல்போலக் கல்லெல்லாம் உரிந்து கிடந்தது. மழைக்குழாய் பாதியில் முறிந்து, சுவரெங்கும் பச்சைப் பாசி வழிந்தது. குழாயை அடைத்திருந்த அழுகிய புறாவை அவரே இழுத்துப் போட்டார்.

"பாத்தீங்களா சார், செங்கலே அழுகல்," என்றார் டென்ஹோம். "சுவர் தேறாதுன்னு குழுவுல வந்து ஒரு வார்த்தை சொல்லுங்க. உங்க பேச்சை அவங்க தட்ட மாட்டாங்க." சொல்லிவிட்டுக் காரில் போய் உட்கார்ந்துகொண்டார்.

ஹ்ருஷ்கா ஏணியில் ஏறினார். இடுக்கெல்லாம் சிமெண்ட்.

"எந்த நாய் பண்ண வேலைடா இது?" என்று மேலிருந்தே காறித் துப்பினார்.

ஏணியைப் பிடித்திருந்த கூட்டாளி ஓடிஸ் ஃபேர்லி, "நாயைத் திட்டாதீங்கண்ணே," என்றார். "நாய் சிமெண்ட் குழைக்காது."

ஹ்ருஷ்காவின் விரல் இடுக்கு வழியே போய் நின்றுவிட்டது. கரண்டி இழுத்த தடம் வலமிருந்து இடமாக ஓடியது; ஒவ்வொரு இழுப்பின் முடிவிலும் மேல்நோக்கி ஒரு சின்னச் சுழிப்பு.

"என்னண்ணே, பேயறைஞ்ச மாதிரி நிக்கிறீங்க?"

ஹ்ருஷ்கா இடதுகையைத் தூக்கிக் காட்டினார். "இந்தக் கைதான்டா. அறுபத்தெட்டுல இந்த வரிசையில பத்தொன்பது வீடு செஞ்சோம். இது அதுல ஒண்ணு."

"பேசாம இருங்க," என்றார் ஓடிஸ். " அந்தாளு இடிச்சிருவான். சுவரோட இதுவும் மண்ணாப் போயிரும்."

"நானும் அப்படித்தான் நெனச்சேன், இப்ப, மேல நின்னுக்கிட்டு. அந்த நெனப்புக்கு அந்த அழுகின புறாவே தேவலன்னு ஆயிருச்சு."

அக்டோபர் 21, வியாழக்கிழமை குழு கூடியது. தலைவி டெர்ஹூன் அம்மையார் அவரைப் பேசச் சொன்னார்.

"முகம் போன கல்லு நானூத்திப் பன்னெண்டு. நான் எண்ணினேன். பின்னால சுவர் கெட்டியா நிக்குது. கல்லு மேல தப்பில்ல. சிமெண்ட் வச்சு அடைச்சது நான். மழைக்குழாயை ஒடஞ்சபடியே விட்டு வச்சிருக்கிறது இந்த டென்ஹோம்."

"சிமெண்ட் ஆகாதுன்னு அப்போ உங்களுக்குத் தெரியாதா?" என்றார் தலைவி.

"கெழட்டுக் கொத்தனார் ஒருத்தர் வேணாம்னாரு. சிமெண்டுன்னா சீக்கிரம் முடியும், பீருக்குப் போகலாம். அவரைப் பாத்துச் சிரிச்சோம்."

ஐந்துக்கு இரண்டு என்ற கணக்கில் அனுமதி மறுக்கப்பட்டது. வெளியே டென்ஹோம், "ஊரையெல்லாம் திட்டின வாய்! உன்னை இனி எவன் கூப்பிடுவான்?" என்றார்.

அவர் சொன்னது பொய்யாகவில்லை. அந்தக் குளிர்காலத்தில் ஹ்ருஷ்காவிடம் பேசிவைத்திருந்த மூன்று வேலைகள் வேறு ஆட்களுக்குப் போயின. மதுக்கடையில் அவர் வாய் திறந்தால் யாராவது, சிமெண்ட் வைத்த கை இதுதான் என்று, இடதுகையைத் தூக்கிக் காட்டுவார்கள்.

வசந்தத்தில் வீடு ஒரு நர்ஸின் கைக்கு மாறியது. "கெடுத்தவரே சரி பண்ணுவீங்களா?" என்று அவள் கேட்டாள். 2005 ஏப்ரல் 18 அன்று ஹ்ருஷ்கா உளியோடு போனார். இயந்திரம் வைத்தால் கல் சிதறும். கையால்தான் செதுக்க வேண்டும். நாள் முழுக்கச் செதுக்கினால் ஒரு சதுர கஜம்.

"சாப்பிட வாங்கண்ணே," என்று கீழிருந்து ஓடிஸ் ரொட்டிப் பொட்டலத்தைக் காட்டினார்.

ஹ்ருஷ்கா தன் கையை முகர்ந்து பார்த்தார். தான் வைத்த சிமெண்டின் சாம்பல்நிறத் தூள் விரலிடுக்கெல்லாம் ஈரமாக ஒட்டியிருந்தது.

"நீ சாப்பிடு. எனக்கு எறங்காது," என்று உளியை அடுத்த இடுக்கில் வைத்தார்.