முழுசா விழுந்துச்சா?

ஈன்ற மாட்டுக்குக் கர்ப்பப்பையில் சீழ் வைத்தால் எங்கள் தெருவில் முதலில் என் மனைவியைத்தான் கூப்பிடுவார்கள். வேப்பிலை, மஞ்சள், பூண்டு மூன்றையும் மையாக அரைத்து, கற்றாழைச் சோறும் வெல்லமும் சேர்த்து உருண்டை பிடித்துக் கொடுப்பாள். பல மாடுகள் தேறியதை நானே பார்த்திருக்கிறேன்.

எங்கள் மாடு ஈன்ற காலையில் நான் ஆலத்தியூர் சிமெண்ட் ஆலையில் ஷிஃப்ட் முடித்து அப்போதுதான் வந்திருந்தேன். "கடலை பறிக்க ஆள் வந்துட்டாங்க, நான் கொல்லைக்குப் போறேன். இளங்கொடி விழுற வரைக்கும் கண்ணு அசந்துராதீங்க. மாடு அதத் தின்னுப்புட்டா பால் வத்திப்போயிரும்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

பெரிய காவல்காரன் நான்! மாட்டுக்குப் பக்கத்திலேயே குறட்டை விட்டுத் தூங்கினேன். விழித்துப் பார்த்தால் அதன் காலடியில் முழ நீளத்துக்கு நஞ்சுக்கொடித் துண்டு ஒன்றுதான் கிடந்தது. மீதியைத் தின்றுவிட்டது என்று நினைத்தேன். அவள் வாய்க்குப் பயந்து, கிடந்ததை வைக்கோலில் சுற்றி, வழக்கம்போல ஆலமரத்தில் கட்டிவிட்டு வந்தேன். கேட்டபோது, "முழுசா விழுந்துருச்சு" என்றேன்.

நான்காம் நாள் மாட்டிடம் நாற்றம் எடுத்தது. மாடு அன்று கொடியைத் தின்னவே இல்லை என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. மீதி உள்ளேயே கிடந்து அழுகுகிறது. பூத்திலிருந்து மாட்டு டாக்டருக்குப் போன் போட்டோம். வெளியூர் முகாமில் இருந்தார்.

"இளங்கொடி முழுசா விழுந்துச்சான்னு கேக்குறாரு" என்று ரிசீவரைப் பொத்திக்கொண்டு அவள் என்னைப் பார்த்தாள். தலையாட்டினேன். ஏன் ஆட்டினேன் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. அப்படியானால் அவசரமில்லை, நாளை மறுநாள் வருகிறேன் என்று சொல்லிவிட்டார்.

அந்த இரண்டு நாளும் அவள் வேப்பிலைத் தண்ணீரால் மாட்டைக் கழுவினாள். அது வாய் திறக்க மறுத்தாலும் உருண்டையைக் கையால் உள்ளே தள்ளினாள். சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு முறையும் வாயெடுப்பேன். அவள் முகத்தைப் பார்த்ததும் வைக்கோல் அள்ளப் போய்விடுவேன். டாக்டர் வந்த அன்று காலையில்தான் மாடு செத்தது.

ஒரு மாதம் கழித்துப் பக்கத்து வீட்டுப் பெண் வந்தாள். "அக்கா, எங்க மாட்டுக்குச் சீழா வடியுது. கொஞ்சம் மருந்து அரைச்சுக் குடுங்க."

"வேணாம் தாயி, டாக்டர்ட்டயே காட்டு. என் மருந்து என் மாட்டையே கொன்னுருச்சு" என்றாள் என் மனைவி.

நான் அவளுக்கு எதிரே உட்கார்ந்து, அவள் போட்ட சோற்றைத் தின்றுகொண்டிருந்தேன்.