நாய்க்குப் போட்ட மீன் கோணி

எனக்குப் பயம் அதிகம். கேஸ் அடுப்பை மூடினோமா என்று பார்க்கப் பாதி வழியிலிருந்து திரும்பி வருவேன். எங்கள் நாயையும் அப்படித்தான் அடிக்கடி எட்டிப் பார்ப்பேன்.

அந்த மே மாத மதியம் எர்ணாவூரில் கரண்ட் இல்லை. எங்கள் ஷீட் வீட்டுக்குள் அனல். தண்ணீர்ச் சட்டிப் பக்கம் எழுந்து போன நாய் போதையில் நடப்பவன் போலத் தள்ளாடி விழுந்தது. மூச்சு இரைத்தது, எச்சில் நூலாகத் தொங்கியது. உதட்டைத் தூக்கிப் பார்த்தேன். ஈறு செங்கல் நிறம். காது தோசைக்கல்லாகச் சுட்டது.

பக்கத்து வீட்டு மீன்கார அக்கா வாசலில் நின்றாள்.

"வெறி கிறி புட்ச்சிகிச்சா? தள்ளி நில்லு."

"வெறி இல்லக்கா, ஊசி போட்டுகீது. வெயிலு தாங்கல. செத்துடுமோன்னு பயமா கீது."

"நீ எதுக்குதான் பயப்படல. இரு."

கோணியை நனைத்து வந்து, கூடை மீனை மூடுவது போல நாயைக் கழுத்துவரை மூடினாள். எனக்கும் அது சரியென்றே பட்டது. ஆனால் இரைப்பு கூடியது. ஊசி போட்ட டாக்டரின் எண்ணை எதற்கும் இருக்கட்டும் என்று வாங்கி வைத்திருந்தேன். எட்டாவதோடு நின்றவள் நான், டாக்டர்களிடம் பேசக் கூச்சம். அன்று கூச்சம் வரவில்லை, போன் போட்டேன்.

"மூடாதீங்கம்மா, உள்ள புழுங்கும். சாதாரணத் தண்ணி ஊத்தி விசிறிக்கிட்டே இருங்க. வாயில ஊத்தாதீங்க. கொஞ்சம் குளிர்ந்ததும் ஆட்டோவுல கூட்டிட்டு வாங்க."

டாக்டர் சொன்னதை நான் சொன்னதும் அக்கா கோணியை உருவி எறிந்தாள். "அட, மீனுக்கு குளிரு வெளிய போவக்கூடாது. இதுக்கு சூடு வெளிய போவணும். இத்தினி வருசம் மீனு வித்து இது தோணல பாரு."

நான் குடத்துத் தண்ணீரை வயிற்றிலும் தொடையிடுக்கிலும் ஊற்ற, அவள் ஐஸ் பெட்டியின் தெர்மாகோல் மூடியால் விசிறினாள். "என் வூட்டுக்காரனுக்குக்கூட இப்டி விசிறுனது இல்லடா," என்றாள் நாயிடம். இரைப்பு சற்று இறங்கியது. ஆட்டோவிலும் வழியெல்லாம் அதை நனைத்துக்கொண்டே போனோம்.

டாக்டர் மேசை மேல் கிடத்திக் குளுக்கோஸ் ஏற்றினார். "மூச்சு பரவாயில்ல. கிட்னி வேலை செய்யுதான்னு தெரியணும். மூத்திரம் போகுதான்னு பாத்துக்கிட்டே இருங்க."

நான் கண்ணை எடுக்கவில்லை. பொழுது சாயும் நேரத்தில் நாய் கால் நடுங்க எழுந்து, மேசை மேலேயே நின்று பெய்தது. என் புடவை நனைந்தது. அக்கா முந்தானையால் வாயைப் பொத்திச் சிரித்தாள். நான் நகரவில்லை, முழுவதும் போகட்டும் என்று அதன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.