காயாத டாங்கி

பன்னிரண்டு வருஷமாக ஒரு வழக்கம். வேலை விட்டு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் நேரே சாப்பாட்டு மேசைக்குப் போவார். குனிந்து மோந்து பார்ப்பார். அங்கே சாப்பாடு இருக்காது. பிளாஸ்டிக் துண்டுகளை ஒட்டிச் செய்த சாண் நீளப் பீரங்கி டாங்கியோ, சின்ன விமானமோ நிற்கும். எண்ணெய்ச் சாயத்தின் வாடை அடித்தால் இன்னும் ஈரம் என்று அர்த்தம். "காயட்டும்" என்பார். கட்டட அனுமதி அலுவலகத்தில் கோப்புகளைப் பார்த்தும் இதையே சொல்வதால், அங்கே அவருக்கு அதுவே பெயர்.

மனைவி தையல்காரி. துணி வெட்ட அந்த மேசை இல்லாமல், தரையில் மண்டி போட்டே அவளுக்கு முட்டி தேய்ந்துவிட்டது. அதிர்ந்து பேசத் தெரியாதவள். இருந்தும் ஒரு நாள் கேட்டுவிட்டாள்.

"என்னங்க, இந்த மேசை எனக்கு எப்பத்தான் கிடைக்கும்?"

"இந்த வருஷ மாடல் செய்யற போட்டியில முதல் பரிசு வாங்கிட்டா உனக்குத்தான். சத்தியமா."

"வாங்கலைன்னா?"

"அப்ப அடுத்த வருஷத்துக்குத் தயாராக வேண்டாமா?"

வருஷா வருஷம் முதல் பரிசு இவரைப் போலவே டாங்கி செய்கிற பல் டாக்டர் ஒருவருக்கு, இவருக்கு இரண்டாவது. ஆனால் சாயம் காயும் கணக்கில் இவரை மிஞ்ச ஆளில்லை. குழாயிலிருந்து சாயத்தை அட்டையில் பிதுக்கி, எண்ணெயை அட்டை உறிஞ்சிய பிறகு பூசினால் சீக்கிரம் காயும். பழுப்பு இரண்டு மூன்று நாளில் காயும். கறுப்பு? "அது உங்க அண்ணன் மாதிரி. வந்து உக்காந்தா கிளம்பாது" என்பார் மனைவியிடம்.

பதறாத காரியம் சிதறாது என்று ஊருக்கெல்லாம் உபதேசம் செய்தவர், போட்டிக்கு மூன்று நாள் இருக்கும்போது பதறினார். பல் டாக்டர் தன் டாங்கியில் அச்சு அசலாக மசகெண்ணெய் கசிந்த கறுப்புக் கறை வைத்திருக்கிறாராம். அன்று மாலையே கறுப்பை அட்டையில்கூட வைக்காமல், குழாயிலிருந்து நேரே எடுத்து டாங்கியின் முதுகில் அப்பினார்.

"ஞாயித்துக்கிழமைக்குள்ள காயுமாங்க?"

"காஞ்சிடும். காயணும்."

மூன்று நாளும் மின்விசிறி டாங்கிக்கு ஓடியது. வீட்டு மனிதர்கள் வியர்த்தார்கள். ஞாயிறு காலை அவர் மோந்து பார்க்கவில்லை. அவள் பார்த்தாள். வாடை அடித்தது. டாங்கியைச் செருப்புப் பெட்டியில் வைத்து, பேருந்தில் மடியில் ஏந்திக்கொண்டு போனாள்.

போட்டி மண்டபத்தில் 'யாரும் தொடக் கூடாது' என்று முழ நீளத்துக்கு எழுதியிருந்தது. அதற்கு நேர் கீழே நின்ற நடுவர், வெள்ளைத் தாடிக்காரர், இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். டாங்கியைத் தூக்கினார், திருப்பினார், வைத்தார். பிறகு ஆழ்ந்த யோசனையோடு தாடியை நீவிக்கொண்டார். தூண் ஓரமாக நின்ற அவளைத் தவிர யாரும் அதைக் கவனிக்கவில்லை.

"முதல் பரிசு பல் டாக்டருக்கு. இந்த டாங்கி இரண்டாவது. முதுகுல கட்டைவிரல் ரேகை. கவனக்குறைவு" என்றார் நடுவர்.

"அது என் விரல் இல்லைங்க!"

"அப்ப டாங்கி தன்னைத்தானே தடவிக்கிச்சா?" என்றார் பல் டாக்டர். மண்டபம் சிரித்தது.

அவள் தூணை விட்டு வந்தாள்.

"ஐயா… உங்க தாடி."

"என் தாடிக்கு என்னம்மா?"

"இன்னும் காயலைங்க."

வெள்ளைத் தாடியின் நடுவே கன்னங்கரேலென்று ஒரு கோடு. நடுவர் கைக்குட்டையால் துடைத்தார், கோடு பட்டையாயிற்று.

போட்டி நடத்தும் சங்கத்தின் தலைவர் தொண்டையைக் கனைத்தார். "நடுவர் தொட்டது தப்பு. ஈரத்தோட கொண்டு வந்ததும் தப்பு. அதனால முதல் பரிசு இப்போ யாருக்கும் இல்ல. டாங்கி முழுசா காஞ்ச பிறகு கமிட்டி கூடி முடிவு பண்ணும். அதுவரைக்கும் அது சாட்சி. வீட்டுல ஒரே இடத்துல இருக்கட்டும், யாரும் அசைக்கக் கூடாது."

"நியாயமான பேச்சு!" என்றார் அவள் கணவர், முகமெல்லாம் பல்லாக. மனைவி அவரைப் பார்த்த பார்வையில் எந்தச் சாயமும் காய்ந்திருக்கும்.

டாங்கி நான்காவது வாரமே காய்ந்துவிட்டது. இப்போது எட்டாவது மாதம். கமிட்டி இன்னும் கூடவில்லை. டாங்கி மேசை நடுவில் நிற்கிறது. அவள் தரையில் மண்டி போட்டுத் துணி வெட்டுகிறாள்.