தானாக விழவில்லை

பெரியம்மா தன் கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்ட அந்த மத்தியானம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. விழுப்புரத்தில் ஆஸ்பத்திரிக் கட்டிலில், இடது காலில் கம்பி பொருத்திப் படுத்திருந்தார். கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த நான்தான் துணைக்கு இருந்தேன். கிளியனூரிலிருந்து நிலக்கடலைக் கொல்லைக்கு மல்லாட்டை பறிக்கும் கூலி வேலைக்குச் சைக்கிளில் போனவரைப் பின்னால் வந்த சரக்கு வேன் இடித்துத் தள்ளியிருந்தது. அறுவை முடிந்து அவர் சரியாகப் பேசத் தொடங்குவதற்குள், வேன் முதலாளியின் ஆட்கள் இரண்டு பேர் ஒரு தாளோடும் மைப்பெட்டியோடும் வந்துவிட்டார்கள்.

"மருந்துச் செலவ முதலாளி பாத்துக்குவாரு. ஜல்தியா ஒரு ரேகை வெய்யிம்மா" என்றார் ஒருவர். பெரியம்மா தாளை வாங்கி எழுத்துக்கூட்டிப் படித்தார். நிலைதடுமாறித் தானாகவே விழுந்துவிட்டதாக அதில் எழுதியிருந்தது.

"நான் எங்க தானா வுழுந்தேன்? வைக்க மாட்டேன்."

அந்த ஆள் அவருடைய மணிக்கட்டைப் பிடித்தார். நான் போட்ட கூச்சலில் வார்டே திரும்பிப் பார்த்தது. கையை விட்டவர், "நாளைக்கும் அதே ரோட்டுலதான நீங்க போய் வரணும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் வேன் டிரைவர் தனியாக வந்தான். சின்ன வயது. கட்டிலின் கால்மாட்டில் தலை குனிந்து நின்றான். "கேஸ் ஆச்சுன்னா நீ உள்ள போயிடுவன்னு முதலாளி சொல்றாரும்மா. கைக்கொழந்த இருக்குதும்மா." பெரியம்மா அவனை நிமிர்ந்து பார்க்கச் சொன்னார். பிறகு, "உன்ன உள்ள தள்றது என் எண்ணம் இல்ல தம்பி. ஆனா இது எனக்குக் கஞ்சி ஊத்துன காலு. கேக்காம வுட முடியாது" என்றார்.

திண்டிவனத்தில் நாங்கள் பார்த்த வக்கீலம்மா பொறுமையாக விளக்கினார். போலீஸ் வழக்கு வேறு, இழப்பீட்டு வழக்கு வேறு. வேனுக்கு இன்சூரன்ஸ் இருப்பதால் தொகையைக் கம்பெனிதான் தரவேண்டும். கூலி வேலை செய்பவருக்கும் அந்த உரிமை உண்டு. "அந்த ரேகைய மட்டும் வச்சிருந்தீங்கன்னா ரொம்ப பேஜாரா போயிருக்கும்மா" என்றார்.

இழப்பீட்டு வழக்கின் விசாரணையில் கம்பெனித் தரப்பு அந்த டிரைவரையே சாட்சியாக நிறுத்தியது. முதலாளி பின் வரிசையில் உட்கார்ந்திருந்தார். "சைக்கிள்தானே திடீர்னு குறுக்க வந்தது?" என்று அவர்களுடைய வக்கீல் கேட்டார். டிரைவர் பின் வரிசையைத் திரும்பிப் பார்த்தான். வக்கீல் மறுபடியும் கேட்டார். பக்கத்தில் பெரியம்மாவின் மூச்சு எனக்குக் கேட்டது. ஆமாம் என்று அவன் ஒரு வார்த்தை சொன்னால் போதும், எல்லாம் கைவிட்டுப் போய்விடும்.

"இல்லீங்க. அந்தம்மா ஓரமாத்தான் போய்க்கினு இருந்தாங்க. நான்தான் பஸ்ஸ முந்தறேன்னு இடிச்சிட்டேன்."

சாயங்காலம் பேருந்து நிலையத்தில் அவன் தனியாக நின்றிருந்தான். வண்டிச் சாவியை முதலாளி கோர்ட் வாசலிலேயே பிடுங்கிக்கொண்டாராம். பெரியம்மா ஊன்றுகோலோடு அவனிடம் போனார்.

"வேல போச்சும்மா" என்றான்.

"எனக்கும் அப்படித்தான் தம்பி போச்சு" என்றார் பெரியம்மா. கோபமாகச் சொன்னாரா, ஆறுதலாகச் சொன்னாரா என்று எனக்கு அப்போது புரியவில்லை. அவன் மட்டும் அழுதான்.

போலீஸ் வழக்கு அவனுக்கு அபராதத்தோடு முடிந்தது. இழப்பீட்டு வழக்கின் தீர்ப்பும் எங்கள் பக்கம் வந்தது. இன்னொரு அறுவைக்குப் பிறகு பெரியம்மா ஊன்றுகோல் இல்லாமல் நடக்கிறார். ஆனால் முழங்கால் மடங்குவதில்லை, களத்துமேட்டில் குந்தி உட்கார்ந்து வேலை செய்ய முடியாது. அந்த டிரைவர் இப்போது புதுச்சேரி ரோட்டில் மினி பஸ் ஓட்டுகிறான். பெரியம்மா நிற்பதைப் பார்த்தால் நிறுத்தம் இல்லாத இடத்திலும் வண்டியை ஓரங்கட்டுகிறான். பின்னால் எத்தனை ஹாரன் அடித்தாலும், அவர் காலை நீட்டிச் சரியாக உட்காரும்வரை வண்டியை எடுப்பதில்லை.