பங்கருக்குள் இருந்த மெஷின்

என் மகனுக்கு, சுட்டு முடிந்த தோட்டாக் கோதுகளின் கழுத்தை அளவாக வெட்டுகிற மெஷின் ஒன்று வேண்டுமாம். கையால் சுற்றுவது போதாதாம், கரண்டில் ஓடுவது வேண்டுமாம். அவனுக்குப் பதினேழு வயது. இங்கே சுவிஸில் அந்த வயதுப் பிள்ளைகள் சங்கத்தில் சேர்ந்து குறிபார்த்துச் சுடப் பழகுவது, எங்கள் ஆட்கள் பிள்ளைகளை மிருதங்கத்துக்கு அனுப்புவதுபோலச் சாதாரணமான விஷயம். எனக்குத்தான் அது சாதாரணமாக இல்லை. அவன் சைக்கிளில் ஸ்டேஷனுக்குப் போனாலே, திரும்பி வரும்வரை பல்கனியில் நின்று எட்டிப் பார்க்கிறவள் நான்.

போன சனிக்கிழமை குசினிக்குள் போனைக் கொண்டுவந்து, இரண்டு மெஷின்களைக் காட்டி எது நல்லது என்று கேட்டான். ஒன்று மெதுவானது, மற்றது வேகமானது. வேகமானதன் சத்தத்தைக் கேளுங்கோ என்று வீடியோவைப் போட்டான். அதற்குப் பிறகு நடந்ததைப் பிறகு சொல்கிறேன். அதற்கு முன், இதே மாதிரி இரண்டு மெஷின்களில் ஒன்றைத் தெரிவு செய்த ஒருவரைப் பற்றிச் சொல்லவேண்டும்.

அப்போது எனக்கு ஏழு வயது. லாங்கன்தாலில் ஒரு கட்டடத்தின் மூன்றாம் மாடியில் இருந்தோம். எங்களுக்கு நேர் கீழே, பஸ் ஓட்டும் ஒரு சுவிஸ் பெண் தனியாக இருந்தார். நான் அவரை அன்ரி என்று கூப்பிட்டேன். அது ஏதோ தமிழ்ப் பட்டம் என்று நினைத்து அவரும் ஏற்றுக்கொண்டார். அம்மா வேலையால் வரும்வரை என் பின்னேரங்கள் அவரோடுதான் கழிந்தன.

அன்ரிக்கு பஸ்ஸைவிடப் பிடித்தது துவக்குச் சுடும் போட்டிகள். சுட்ட பிறகு மிஞ்சும் பித்தளைக் கோதுகளை எறியமாட்டார். கழுவிக் காயவைத்து, திரும்ப வெடிமருந்தும் ஈயச் சன்னமும் போட்டுப் பாவிப்பார். ஒவ்வொரு முறை சுடும்போதும் கோதின் கழுத்து கொஞ்சம் நீளுமாம். நீண்டதை வெட்டாமல் போட்டால் ஆபத்தாம். அதனால் ஒவ்வொன்றையும் சின்ன மெஷினில் பூட்டி, கைபிடியைச் சுற்றிச் சுற்றி வெட்டுவார். நாளெல்லாம் பஸ்ஸின் சுக்கானைத் திருப்பிய மணிக்கட்டுக்கு அது தாங்கவில்லை. அந்தக் கோடையில் துவக்குக் கடைக்காரர் கரண்ட் மெஷின்கள் இரண்டைக் கொடுத்து, பாவித்துப் பார்த்துவிட்டு ஒன்றைத் திருப்பிக் கொண்டுவரச் சொல்லியிருந்தார்.

ஒன்று சாம்பல் நிறம், பெட்டிபோல இருக்கும். முனகிக்கொண்டு மெதுவாகச் சுற்றும். மற்றது சிவப்பு. கோதைக் காட்டினால் நறுக்கென்று வெட்டி ஓரத்தையும் சீவித் தரும் என்று அது வந்த மட்டைப்பெட்டியில் போட்டிருந்தது. அதை அன்ரி இன்னும் ஓட்டிப் பார்க்கவில்லை. நான் ஓட்டாமலே தீர்ப்புச் சொல்லிவிட்டேன். சிவப்புத்தான். எனக்கு அதில் ஒரு காரியமும் இருந்தது. சனிக்கிழமைக்குள் கோதெல்லாம் வெட்டி முடிந்தால், ஞாயிற்றுக்கிழமை சுடும் திருவிழாவுக்கு என்னையும் கூட்டிப்போவதாக அன்ரி சொல்லியிருந்தார். அங்கே பாண்ட் வாத்தியம் உண்டு, ராட்டினம் உண்டு. எங்கள் வகுப்பில் போகாத பிள்ளை நான் ஒருத்திதான்.

இந்த வேலையெல்லாம் நடந்தது கட்டடத்தின் நிலவறையில். அந்தக் காலத்து சுவிஸ் கட்டடங்களில், யுத்தம் வந்தால் ஒளிந்துகொள்ள ஒரு கொங்கிறீட் அறை, ஒரு பங்கர், கட்டாயம் இருக்கும். வராத யுத்தத்துக்காகக் கட்டிய அந்த அறையில் ஆட்கள் பனிச்சறுக்குப் பலகையும் வைன் போத்தல்களும் வைத்திருந்தார்கள். அன்ரி ஒரு மேசை போட்டிருந்தார். கொங்கிறீட்டால் செய்த தடித்த கதவு எப்போதும் திறந்தே கிடக்கும்.

ஒரு புதன்கிழமை மத்தியானம். பக்கத்து அறையில் உடுப்புத் தோய்ப்பதற்கு அன்று எங்கள் முறை. அம்மா ஈரச் சீலைகளை உதறிக் கொடியில் போட, நான் உடுப்புக் கவ்விகளை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அப்போது ஓர் இரைச்சல் தொடங்கியது. மெல்லத் தொடங்கி, மேலே மேலே ஏறி, சுவர் முழுவதும் பரவி, எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று தெரியாமல் எங்களை நோக்கி வந்தது.

அம்மா சீலையைப் போட்டுவிட்டு என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினா. நடைபாதையைத் தாண்டி அந்தக் கொங்கிறீட் அறைக்குள் பாய்ந்து, கதவை இழுத்துச் சாத்தி, என்னைச் சுவரோடு அமத்தி, காதுகளைப் பொத்தி, மேலே கவிழ்ந்துகொண்டா. இரைச்சல் இப்போது பத்து மடங்காகக் கேட்டது. ஏனென்றால் அது அந்த அறைக்குள்தான் இருந்தது. சிவப்பு மெஷினையும் கையில் ஒரு கோதையும் வைத்துக்கொண்டு அன்ரி எங்களையே பார்த்தபடி இருந்தார்.

அவர் மெஷினை நிற்பாட்டினார். சத்தம் இறங்கி, இறங்கி, நின்றது.

அம்மா எழும்பித் தலைமயிரை ஒதுக்கிவிட்டு, தெரிந்த ஜெர்மனில் மன்னிப்புக் கேட்டா. திரும்பத் திரும்ப அதையே சொன்னா. பரவாயில்லை என்று சொல்லிக்கொண்டே அன்ரி என்னைப் பார்த்தார். என் வாயைத்தான் பார்த்தார். முன்பல் இரண்டும் விழுந்திருந்த காலம் அது. ஓட்டையைப் பார்க்கிறார் என்று வெட்கப்பட்டு வாயை மூடிக்கொண்டேன்.

"அப்பாட்டைச் சொல்லாதை" என்றா அம்மா படியில். நான் போனவுடனே சொன்னேன். அப்பா கீழே போய் அந்தக் கதவை அசைத்துப் பார்த்துவிட்டு வந்து சிரித்தார்.

"குண்டு போடுற பொம்மருக்குப் பயந்து பங்கருக்குள்ள ஓடினவையைக் கண்டிருக்கிறன். பொம்மர் நிண்ட பங்கருக்குள்ளயே ஓடின ஆள் நீர்தான்."

"சிரியுங்கோ. பிள்ளை கையில இருக்கேக்கை எந்தப் பங்கர் எண்டு பாத்துக்கொண்டு நிக்கிறதோ?"

அப்பா சிரிப்பை நிறுத்தினார். தேத்தண்ணி போடட்டோ என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் எழும்பிப் போனார்.

அடுத்த நாள் நான் கீழே போனபோது மேசையில் சிவப்பு மெஷின் இல்லை. அதைக் கடைக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டாராம். சாம்பல் பெட்டி முனகிக்கொண்டிருந்தது. மெதுவாக ஓடுகிறதைப் போய் ஏன் எடுத்தீர்கள் என்று கேட்டேன்.

"இதுதான் எல்லாவற்றையும் ஒரே அளவாக வெட்டுகிறது" என்றார் அன்ரி, தலையை நிமிர்த்தாமல்.

"சத்தத்துக்காக என்றால், அது அம்மாவுக்குத்தான். எனக்கு ஒரு சத்தத்துக்கும் பயமில்லை" என்றேன். நான் நாலு வயதில் யுத்தத்துக்குத் தப்பி இங்கே வந்தவள். ஊரைப் பற்றி ஒன்றும் நினைவில்லை என்று கேட்பவர்களுக்கெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தவள்.

சனிக்கிழமை வேலை முடியவில்லை. திருவிழா அடுத்த ஞாயிறும் இருக்கிறது என்று அன்ரி சமாதானம் சொன்னார். அடுத்த ஞாயிறு எங்கள் கோயில் தேர். அம்மா எனக்குப் பட்டுப்பாவாடை கட்டிவிட்டா. நான் நாள் முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு தேருக்குப் பின்னால் நடந்தேன். அன்ரியோடு பல நாள் கதைக்கவில்லை. அவர் படியில் கண்டால் எப்போதும்போல வணக்கம் சொன்னார்.

வளர்ந்த பிறகு, அவர் மெதுவான மெஷினை எடுத்தது அம்மாவுக்காகத்தான் என்று விளங்கிக்கொண்டேன். விளங்கிவிட்டது என்று போன சனிக்கிழமைவரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

மகன் வீடியோவைப் போட்டபோது நான் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தேன். சத்தம் மெல்லத் தொடங்கி ஏறியது. அடுத்ததாக எனக்குத் தெரிந்தது, என் இரண்டு கைகளும் அவன் காதுகளைப் பொத்தியிருந்தன.

"அம்மா, வெங்காயக் கை" என்றான். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்துக் குரலைத் தாழ்த்தினான். "ஏன் வாயைத் திறந்துகொண்டு நிக்கிறீங்கள்?"

குண்டு விழும்போது வாய் திறந்திருந்தால் காது கிழியாதாம். எங்கள் ஊரில் பிள்ளைகளுக்கு அதைத்தான் முதலில் பழக்கினார்களாம். இதை யாரோ கதைத்துக் கேட்டிருக்கிறேன். எனக்கும் பழக்கினார்களா என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

அவன் போனை நிற்பாட்டிவிட்டு என் கைகளை மெல்லக் காதிலிருந்து எடுத்துவிட்டான். பிறகு, எதை வாங்க என்று கேட்டான். மெதுவானதை என்றேன்.

"ஏன்?"

"அதுதான் எல்லாத்தையும் ஒரே அளவா வெட்டும்."

அந்த நிலவறையில் அம்மா என்னிடம் வாயைத் திற என்று சொல்லவில்லை. அதற்கு நேரம் இருக்கவில்லை. என் வாய் தானாகத் திறந்திருந்தது. அன்ரி பார்த்துக்கொண்டிருந்தது என் பல்லின் ஓட்டையை அல்ல, திறந்திருந்த அந்த வாயை. அது தெரியாமல்தான் நான் அவர் மேசைக்கு முன்னால் நின்று, எனக்கு ஒரு சத்தத்துக்கும் பயமில்லை என்று அவரோடு சண்டை பிடித்தேன். அவரும் ஓம் என்று தலையாட்டிவிட்டு, அடுத்த கோதை எடுத்துப் பூட்டினார்.